தனிக்கடையில் வாங்கிய ஆறு புல்வெட்டி இயந்திரங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரில் புல் வெட்டுதலும் தோட்டப் பராமரிப்பும் செய்துவரும் சிறு நிறுவனம் ஒன்று, 2024ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஆறு பெட்ரோல் புல்வெட்டி இயந்திரங்களை ஒரு தனிக்கடையில், அதாவது தனி வியாபாரி ஒருவர் நடத்தும் கடையில், வாங்கியது. அந்தக் கொள்முதலில் தொடங்கி, சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் உடன்பாடு ஏற்பட்டதுவரை நடந்தவற்றை இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன். நிறுவனத்தின் கணக்குகளையும் கடிதப் போக்குவரத்தையும் கவனித்துவருபவன் என்ற முறையில் எல்லா ஆவணங்களும் என் கை வழியாகச் சென்றன. உரிமையாளரின் ஒப்புதலோடும், யாருடைய பெயரும் கடையின் பெயரும் இயந்திரத்தின் வணிகப்பெயரும் குறிப்பிடப்படமாட்டா என்ற உறுதியோடும் இதை எழுதுகிறேன்.

நிறுவனம் இரண்டாம் தலைமுறையினுடையது. உரிமையாளரின் தந்தை தனியொருவராகத் தொடங்கிய வேலையை மகன் ஏற்று நடத்துகிறார். பன்னிரண்டு ஊழியர்களில் பெரும்பாலோர் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களிலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர்கள். புக்கிட் தீமா பக்கத்துக் கொண்டோமினியங்கள் (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு வளாகங்கள்) சிலவும், துவாஸ் பகுதியின் தொழிற்கூட வளாகங்களும் இவர்களுடைய நிரந்தர வாடிக்கையாளர்கள். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும், குளிர்காலமே இல்லாத இந்த ஊரில் புல் எந்த மாதத்திலும் வளர்வதை நிறுத்துவதில்லை. ஆகவே இயந்திரங்களுக்கும் ஓய்வுக்காலம் கிடையாது. குளிர்நாடுகளில் ஆண்டின் ஒரு பகுதியில் மட்டும் ஓடும் இயந்திரம் இங்கே ஆண்டு முழுவதும் ஓடுகிறது.

இந்தச் சந்தையைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மக்களில் மிகப் பெரும்பாலோர் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வசிப்பதால், சொந்தத் தோட்டத்துக்காகப் புல்வெட்டி வாங்குவோர் மிகச் சிலரே. வாங்குவோரில் பெரும்பாலோர் ஒப்பந்தக்காரர்கள். தரையில் தள்ளிச் செல்லும் இயந்திரம், முதுகில் சுமக்கும் ஊதி, மரம் அறுக்கும் சங்கிலி வாள், சிறு மின்னாக்கி என எல்லாவற்றையும் ஒரே கடையில் வைத்து விற்கும் தனி வியாபாரிகள் சிலர்தாம் பல ஆண்டுகளாக அவர்களுக்குத் துணை. கடன் கொடுப்பதும், ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியை எடுப்பதும், பழைய இயந்திரத்தை எடைக்கு எடுத்துக்கொள்வதும் இத்தகைய கடைகளே. இந்த ஆய்வைத் தனிக்கடைகளுக்கு எதிரான வழக்காக யாரும் படிக்க வேண்டாம் என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்கிறேன்.

வாங்கும் முடிவும் அதன் காரணங்களும்

ஏப்ரல் 1ஆம் தேதி முதல் ஒரு புதிய கொண்டோமினிய ஒப்பந்தம் தொடங்கவிருந்தது. கையில் இருந்த ஒன்பது இயந்திரங்களில் நான்கு மிகப் பழையவை. ஸ்டார்ட்டர் கயிற்றைப் பலமுறை இழுத்தால்தான் உயிர் வரும் நிலையில் இருந்தன. ஆறு புதிய இயந்திரங்கள் வேண்டும் என்று உரிமையாளரும் மேற்பார்வையாளரும் மார்ச் தொடக்கத்தில் முடிவு செய்தனர். எந்த வகை என்பதில் ஐயம் இருக்கவில்லை. ஏற்கெனவே பயன்படுத்திவந்த ஜப்பானிய இயந்திரத்தின் அதே மாதிரியை வாங்கினால், ஊழியர்களுக்குப் புதிதாகப் பழக்க வேண்டியதில்லை, நைலான் கயிற்றுத் தலையும் கத்தியும் இரண்டுக்கும் பொருந்தும்.

இரண்டு விலைகள் எதிரெதிரே நின்றன. அந்த இயந்திரத்தின் அதிகாரபூர்வ விநியோகிப்பாளர் ஒன்றுக்கு 760 வெள்ளியும் (சிங்கப்பூர் டாலர்) அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் கேட்டார். ஆறுக்கும் சேர்த்து 4,970 வெள்ளிக்குச் சற்று மேலாக வந்தது. சரக்கு வர இரண்டு வாரம் ஆகும் என்றும் சொன்னார். ஜாலான் புசார் வட்டாரத்திலுள்ள தனிக்கடை, இயந்திரம் ஒன்றுக்கு 620 வெள்ளி கேட்டது; ஆறுக்கு 3,720. ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டாத கடை என்பதால் அது பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்திருக்கவில்லை. வாங்கும் நிறுவனமும் பதிவு செய்யாததுதான்; ஆகவே வரியைக் கட்டினால் அதைத் திரும்பக் கோரவும் வழியில்லை. வேறுபாடு ஏறத்தாழ 1,250 வெள்ளி. ஊதிய நாளும் வெளிநாட்டு ஊழியருக்காக அரசுக்குக் கட்டும் தீர்வையும் மாதந்தோறும் நெருக்கும் சிறு நிறுவனத்துக்கு அது சின்னத் தொகை அன்று.

விலை மட்டுமே முடிவைத் தீர்மானிக்கவில்லை. அந்தக் கடைக்காரர் எழுபதை நெருங்கும் சீனர். உரிமையாளர் சிறுவனாக இருந்தபோதே தந்தையுடன் அவரது கடைக்குப் போய்வந்தவர். இன்றும் அவரை ‘அங்கிள்’ என்றே அழைப்பார். தந்தை தொழில் தொடங்கிய நாளில் கையில் பணம் இல்லாமல் போய் நின்றபோது, முதல் இயந்திரத்தைக் கடனுக்குக் கொடுத்தவர் அவரே. “ஆறு மாத உத்தரவாதம், ஏதாவது என்றால் கடைக்குக் கொண்டு வா, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று அவர் சொன்னது, அந்தக் குடும்பத்துக்கு எழுத்தில் கொடுத்த வாக்கைப் போலவே பட்டது. விற்பனைச் சீட்டில் கடையின் முத்திரையும் ‘6 மாத உத்தரவாதம்’ என்று கையால் எழுதிய குறிப்பும் இருந்தன. உத்தரவாதத்தில் எவையெல்லாம் அடங்கும், பழுதுபார்ப்பவர் யார், எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்பவை பற்றி ஒரு வரியும் இல்லை. சீட்டின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற வாசகம் அச்சாகியிருந்தது.

முதல் ஐந்து வாரங்கள்

மார்ச் நடுவில் இரண்டு இயந்திரங்கள் உடனேயும், மற்ற நான்கு சில நாள் கழித்தும் வந்து சேர்ந்தன. பெட்டிகளைப் பிரித்த மேற்பார்வையாளர் ஒன்றைக் கவனித்தார். பழைய இயந்திரங்களோடு ஆங்கிலக் கையேடு வந்திருந்தது. இவற்றில் இருந்த கையேடு இந்தோனேசிய மொழியில் மட்டுமே இருந்தது. எச்சரிக்கை ஒட்டுவில்லையும் அப்படியே. கடைக்காரரிடம் கேட்டபோது, ஒரே தொழிற்சாலையிலிருந்து எல்லா நாட்டுக்கும் போகும் பொருள்தான், கையேடுதான் வேறு என்றார். இயந்திரங்கள் அனைத்தும் முதல் இழுப்பிலேயே ஓடின. வேலையும் நன்றாக நடந்தது.

எரிபொருள் கலக்கும் முறையையும் இங்கே சொல்லியாக வேண்டும், பின்னால் அதுவே சச்சரவின் நடுப்பொருளாயிற்று. இந்த இயந்திரங்களில் உள்ள சிறு டூ-ஸ்ட்ரோக் (இரு வீச்சு) எஞ்சினில் எண்ணெய்க்குத் தனித் தொட்டி இல்லை. பெட்ரோலோடு கலந்து ஊற்றும் எண்ணெய்தான் பிஸ்டனையும் தாங்கிகளையும் உராய்விலிருந்து காக்கிறது. இந்நிறுவனத்தில் ஒரே ஊழியர்தான் தினமும் காலையில் கலவை செய்வார். ஐந்து லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லிலிட்டர் எண்ணெய், அதாவது இருபத்தைந்துக்கு ஒன்று. அளவுக்கோடு போட்ட புட்டியில் அளந்து ஊற்றி, கேனின் மேல் கலந்த தேதியை மார்க்கர் பேனாவால் எழுதிவிடுவார். பழைய இயந்திரங்களுக்கும் புதியவற்றுக்கும் அதே கேன்தான்.

பழுதும் கடையின் பதிலும்

ஏப்ரல் இறுதியில், துவாஸில் வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒரு புதிய இயந்திரம் வேகம் கூடிக் கீச்சென்று ஒலித்து நின்றுபோனது. மறுபடி இழுத்தபோது கயிறு மிக எளிதாக வந்தது. எஞ்சினில் அழுத்தம் இல்லை என்பதற்கு அது அடையாளம். அதே வாரத்தில் இன்னொன்றும் அப்படியே நின்றது. இரண்டையும் மேற்பார்வையாளர் கடையில் ஒப்படைத்தார். பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு எதுவும் கொடுக்கப்படவில்லை. கேட்டபோது, இத்தனை வருடப் பழக்கத்தில் சீட்டு எதற்கு என்று கடைக்காரர் வருத்தப்பட்டார். மேற்பார்வையாளர் வரிசை எண் தெரியும்படி இரண்டையும் கடை மேசை மேலேயே படமெடுத்து, அந்தப் படங்களை வாட்ஸ்அப்பில் கடைக்காரருக்கே அனுப்பிவிட்டு வந்தார். ஒப்படைத்த தேதியை நிறுவ எங்களுக்குப் பின்னாளில் இருந்த ஒரே சான்று அதுதான். அவருடைய நிதானத்தை எண்ணி இன்றும் மதிக்கிறேன்.

அதன்பின் தொடங்கியது காத்திருப்பு. ‘கார்புரேட்டர் சொல்லியிருக்கிறேன், அடுத்த வாரம் வரும்’ என்பது முதல் பதில். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம் அது. அடுத்த வாரம், பொருள் மலேசியாவின் ஜோகூரில் நிற்கிறது என்றார். பிறகு, வந்த பாகம் பொருந்தவில்லை என்றார். இடையில் கடைப்பையன் ஒரு முறை, இயந்திரங்களை இன்னும் பிரிக்கவே இல்லை என்று சொல்லிவிட்டான். அந்தக் கடையில் பழுதுபார்க்கும் மேசை இல்லை. பல ஆண்டுகளாக இருந்த மெக்கானிக் ஓய்வுபெற்ற பின் அவருடைய இடத்துக்கு யாரும் வரவில்லை. இயந்திரங்களை வெளியே யாரிடமோ கொடுத்துச் சரிசெய்து வாங்குவதே கடையின் வழக்கமாகிவிட்டிருந்தது. வாங்கும்போது யாரும் கேட்காததால் யாரும் சொல்லாத செய்தி இது. என் கருத்தில் இந்த நிகழ்வின் ஆணிவேர் இதுதான். கடைக்காரர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் நம்பவில்லை. செய்துகொடுக்கத் தம்மிடம் கைகள் இல்லாத ஒன்றை அவர் வாக்காகக் கொடுத்தார்.

மே நடுவில் மூன்றாவது இயந்திரமும் நின்றது. புதிய கொண்டோமினியத்தில் ஒரு சுற்று வேலை இரண்டு நாள் தள்ளிப்போனது. நிர்வாகம் அந்த மாதக் கட்டணத்தில் 300 வெள்ளியைக் கழித்துக்கொண்டது. மூன்று இயந்திரங்களை வாடகைக்கு எடுக்க வேண்டியதாயிற்று. இயந்திரம் இல்லாமல் நிற்கும் ஊழியருக்கும் சம்பளம் உண்டு, அவருக்கான தீர்வையும் உண்டு.

எரிபொருள் பற்றிய குற்றச்சாட்டு

மூன்றாவது இயந்திரத்தைக் கொண்டுபோனபோது கடைக்காரர் வேறு பதில் வைத்திருந்தார். வெளி மெக்கானிக் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டதாகவும், பிஸ்டன் கீறிப்போயிருப்பதாகவும், எண்ணெய் குறைவாகக் கலந்ததுதான் காரணம் என்றும், பயன்படுத்துவோர் தவறுக்கு உத்தரவாதம் இல்லை என்றும் சொன்னார். உங்கள் ஆட்களுக்குக் கலக்கத் தெரியவில்லை என்பதே அவர் பேச்சின் சாரம்.

கலவை செய்யும் ஊழியர் அதைக் கேள்விப்பட்ட அன்று சாப்பிடவில்லை என்று மேற்பார்வையாளர் என்னிடம் சொன்னார். ஊரில் கடன் வாங்கிக்கொண்டு வந்து, மாதம் தவறாமல் பணம் அனுப்பும் ஒருவருக்கு, முதலாளியின் இரண்டாயிரம் வெள்ளிக்கு நெருங்கிய இழப்புக்குத் தான் காரணம் என்று சொல்லப்படுவது எவ்வளவு பெரிய அச்சம் என்பதை இந்த ஊரில் வாழும் நாம் அறிவோம். பழுது யாருடையது என்ற கேள்வி எழும்போதெல்லாம் பழி மிக எளிதாக இறங்கி நிற்கும் இடம், எதிர்த்துப் பேச முடியாத கைதான். உரிமையாளருக்கே ஒரு நொடி ஐயம் வந்தது. அதைத் தீர்த்தது மேற்பார்வையாளர் சொன்ன ஒரு வாக்கியம்: “முதலாளி, அதே கேன்ல இருந்துதான் பழைய மிஷினுக்கும் ஊத்துறோம். அஞ்சு வருஷம் ஓடுன மிஷின் நிக்கல, அஞ்சு வாரம் ஓடுனது நிக்குது. எண்ணெய் கம்மின்னா எல்லாம்ல நிக்கணும்?”

அந்தக் கேள்விக்குக் கடைக்காரரிடம் விடை இல்லை. ஆனால் அது நியாயமான வாதமே ஒழியச் சான்று ஆகாது. சான்று தேட வேண்டும் என்று அன்றே முடிவாயிற்று.

பரிசோதனை

இங்கே எடுக்கப்பட்ட முடிவுகள் இரண்டு. ஒன்று, பழுதான இயந்திரத்தை நிறுவனத்தில் யாரும் திறக்கக் கூடாது. திருகாணியைத் தொட்டுவிட்டால், நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று சொல்ல வாய்ப்பாகிவிடும். மற்றொன்று, கடைக்கும் நிறுவனத்துக்கும் தொடர்பில்லாத ஒருவரைக் கொண்டு பரிசோதித்து, முடிவை எழுத்தில் வாங்க வேண்டும். மூன்றாவது இயந்திரத்தையும், இன்னும் ஓடிக்கொண்டிருந்த ஒன்றையும் சுங்கை காடுட் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் எடுத்துச் சென்றோம். திறப்பதற்கு முன்னும், ஒவ்வொரு பாகத்தைக் கழற்றியபோதும் படமெடுத்தோம். கட்டணம் 180 வெள்ளி.

அவர் முதலில் செய்தது அழுத்தச் சோதனை. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி, பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறை வழியாகத்தான் சிலிண்டருக்குள் போகிறது; ஆகவே அந்த அறையில் காற்றுக் கசிவு இருக்கவே கூடாது. உள்ளே வரும் வழியையும் புகை வெளியேறும் வழியையும் அடைத்துவிட்டு, சிறு பம்பால் ஏறத்தாழ அரை பார் அழுத்தம் ஏற்றினால், முள் இறங்காமல் நிற்க வேண்டும். நின்றுபோன இயந்திரத்தில் முள் கண்முன்னே இறங்கியது. சோப்பு நீரைப் பூசியபோது, கார்புரேட்டரைச் சிலிண்டரோடு இணைக்கும் இடத்திலுள்ள கேஸ்கட்டின் (கசிவைத் தடுக்கும் மெல்லிய அடைப்பின்) ஓரத்தில் குமிழிகள் எழுந்தன. ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்திலும் அதே இடத்தில் குமிழிகள், மெதுவாக.

அந்த இடத்தில் கசிந்தால் கூடுதல் காற்று உள்ளே இழுக்கப்படும். பெட்ரோலின் பங்கு குறையும். பெட்ரோலோடு வரும் எண்ணெயும் குறையும். எஞ்சின் வேகம் ஏறி, வெப்பமும் ஏறும். நிற்பதற்கு முன் கேட்ட கீச்சொலி அதுதான். பிஸ்டனைக் கழற்றியபோது கீறல்கள் புகை வெளியேறும் பக்கத்தில்தான் ஆழமாக இருந்தன. எதிர்ப்பக்கம் ஏறத்தாழச் சுத்தமாக இருந்தது. எண்ணெயே இல்லாத பெட்ரோலில் ஓடியிருந்தால் கீறல் சுற்றிலும் பரவியிருக்கும் என்று விளக்கினார். காற்று வடிகட்டி சுத்தமாக இருந்ததையும், கேனிலிருந்து எடுத்துவந்த கலவையில் எண்ணெயின் நிறமும் வழுவழுப்பும் சரியாக இருந்ததையும் தம் குறிப்பில் எழுதினார். ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்திட்டுத் தந்தார்.

அதே நாட்களில் ஆறு இயந்திரங்களின் வரிசை எண்களையும் அதிகாரபூர்வ விநியோகிப்பாளருக்கு அனுப்பிக் கேட்டேன். அவை தாம் சிங்கப்பூருக்கு இறக்கியவை அல்ல, வேறொரு நாட்டுச் சந்தைக்கு அனுப்பப்பட்டவை, ஆகவே இங்கே தயாரிப்பாளரின் உத்தரவாதம் செல்லாது, கட்டணம் செலுத்தினால் பழுதுபார்த்துத் தருவோம் என்ற பதில் மறுநாளே வந்தது. கார்புரேட்டர் இங்கு விற்கும் மாதிரியில் உள்ளது அன்று என்றும் குறிப்பிட்டிருந்தனர். கடைக்கு வந்த பாகம் ஏன் பொருந்தவில்லை என்பதும் அப்போது விளங்கியது. இப்படி வேறு வழியில் இறக்கி விற்பது சட்டவிரோதம் அன்று. பல பொருள்கள் அப்படித்தான் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் வாங்குபவருக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

சட்டம் எங்கே நின்றது

நண்பர்கள் பலரும் சொன்ன முதல் யோசனை, சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போகலாம், ‘லெமன் சட்டம்’ இருக்கிறதே என்பது. 2012 செப்டம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த அந்த விதிகளின்படி, பொருளை ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அக்குறை ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு விற்றவருடையது. பழுதுபார்த்தல், மாற்றித் தருதல், விலைக் குறைப்பு, பணத்தைத் திருப்புதல் என்ற தீர்வுகளும் உண்டு. ஆனால் அது தனிப் பயனீட்டாளருக்கானது. ஒரு தொழில் நிறுவனம் தன் தொழிலுக்காக இன்னொரு நிறுவனத்திடம் வாங்கிய பொருளுக்கு அது பொருந்தாது. சிறு தொழில் நடத்தும் நம்மவர்களில் பலர் இந்த வேறுபாட்டை அறியாமல், அந்தச் சட்டம் தங்களையும் காக்கும் என்று நம்பியிருப்பதைப் பார்க்கிறேன். அதனாலேயே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

தொழில் நிறுவனத்துக்கு இருப்பது பொருள் விற்பனைச் சட்டம். தொழில்முறையில் விற்கப்படும் பொருள் திருப்தியான தரத்திலும், வாங்கியவர் தெரிவித்த நோக்கத்துக்குத் தகுந்ததாகவும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, சீட்டில் எழுதப்படாவிட்டாலும் விற்பனையில் உள்ளடங்கியது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற அச்சு வாசகம் மட்டும் அந்த நிபந்தனையைத் துடைத்துவிடாது. இரு நிறுவனங்களுக்கிடையே அப்படி விலக்க முயலும் வாசகம், நியாயமற்ற ஒப்பந்த விதிமுறைகள் சட்டத்தின்படி நியாயமானதாக இருந்தால்தான் செல்லும். ஆனால் குறை முதலிலிருந்தே இருந்தது என்று காட்டும் சுமை இங்கே வாங்கியவருடையது. மெக்கானிக்கின் ஒரு பக்கக் குறிப்பு இல்லாதிருந்தால் எங்களிடம் எதுவுமே இல்லை.

சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளிவரையும், இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளிவரையும் கோரிக்கைகளை ஏற்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர்கள் அங்கே வாதாட முடியாது. பொருள் விற்பனை பற்றிய சச்சரவுக்கு நிறுவனங்களும் அங்கே போகலாம். இத்தனை சிறிய தொகைக்கு வேறு எந்த வழியும் கட்டுப்படியாகாது என்பது தெளிவாயிற்று.

பேச்சும் மனுவும்

மனுவுக்கு முன் நேரில் பேச வேண்டும் என்பதில் உரிமையாளர் உறுதியாக இருந்தார். ஊழியர்களில் இளையவர் ஒருவர், கடையின் பெயரைப் போட்டு இணையத்தில் எழுதிவிடலாம் என்றபோது அவர் கடுமையாக மறுத்தார். தந்தைக்குக் கடன் கொடுத்த கையை ஊர் முன் நிறுத்த மாட்டேன், ஆனால் என் ஆளின் மேல் விழுந்த பழியோடும் இருக்க மாட்டேன் என்பது அவர் நிலை. அந்த இரண்டையும் ஒருங்கே பிடித்துக்கொண்டது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். வாங்கிய தேதி, ஒப்படைத்த தேதிகள், வாட்ஸ்அப் படங்கள், மெக்கானிக்கின் குறிப்பு, விநியோகிப்பாளரின் பதில் ஆகியவற்றை இணைத்து, நின்றுபோன மூன்றின் விலையான 1,860 வெள்ளியையும் பரிசோதனைக் கட்டணத்தையும் பதினான்கு நாளில் தரும்படியும், எஞ்சிய மூன்றுக்குச் சரியான கேஸ்கட்டுகளை வாங்கித் தரும்படியும் கேட்டோம். கோபச் சொல் எதுவும் இல்லை. உரிமையாளரே கடைக்குச் சென்று கொடுத்தார்.

கடைக்காரர் முதலில் மிகவும் புண்பட்டார். பிறகு, ஒரு இடைத்தரகர் வழியாக வந்த சரக்கு என்றும், அவர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். பணத்துக்குப் பதிலாக, அதே தொகைக்குக் கடையில் வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பழக்கத்துக்காக ஏற்றுக்கொள்ளலாம் என்ற எண்ணம் எங்களில் சிலருக்கு இருந்தது. உரிமையாளர் யோசித்து மறுத்தார்: பழுதுபார்க்க ஆளும் பாகமும் இல்லாத இடத்தில் இன்னும் இயந்திரம் எடுப்பது, இதே சிக்கலை மறுபடி விலைக்கு வாங்குவதாகும். பதினான்கு நாள் கழிந்த பின், இணையவழி மனுச் செய்தோம். நிறுவனங்கள் 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைக்குக் கட்ட வேண்டிய கட்டணம் 50 வெள்ளி. வாடகையையும் கழிக்கப்பட்ட 300 வெள்ளியையும் கோரிக்கையில் சேர்க்கவில்லை. அவற்றைச் சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்று காட்ட நேர்ந்து, முக்கியக் கோரிக்கை இழுபடும் என்று எண்ணினோம்.

விளைவு

மன்றத்தில் முதல் கட்டமாகப் பதிவாளர் முன்னிலையில் நடக்கும் கலந்துரையாடலிலேயே உடன்பாடு ஏற்பட்டது. மூன்று இயந்திரங்களைக் கடை திரும்பப் பெற்றுக்கொண்டு 1,860 வெள்ளியை இரண்டு தவணையில் தருவது என்றும், பரிசோதனைக் கட்டணத்தில் பாதியை ஏற்பது என்றும் முடிவாகி, மன்ற உத்தரவாகவே பதிவாயிற்று. இரண்டு தவணையும் உரிய நாளில் வந்தன. எஞ்சிய மூன்று இயந்திரங்களுக்கு விநியோகிப்பாளரிடமே கேஸ்கட் வாங்கி, சுங்கை காடுட் மெக்கானிக் மாற்றிக் கொடுத்தார். அந்தக் கேஸ்கட் ஒன்றின் விலை பத்து வெள்ளிக்கும் குறைவு. அவை இன்றும் ஓடுகின்றன.

திரும்பக் கிடைக்காதவை: வாடகை, கழிக்கப்பட்ட கட்டணம், பாதிப் பரிசோதனைச் செலவு, மனுக் கட்டணம், எஞ்சியவற்றைச் சரிசெய்த கூலி, மிகைநேர ஊதியம். விலை வேறுபாட்டில் மிச்சமானதாகக் கருதிய 1,250 வெள்ளி முழுவதும் இவற்றில் போயிற்று.

மெக்கானிக்கின் குறிப்பு வந்த மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்புமுன், உரிமையாளர் எல்லா ஊழியர்களையும் நிற்கவைத்து, கலவையில் தவறு இல்லை என்று அந்த ஊழியரின் பெயரைச் சொல்லியே அறிவித்தார். குறிப்பைத் தமிழில் படித்துக் காட்டும்படி என்னிடம் கேட்டார், படித்துக் காட்டினேன்.

இனி மாற்றப்பட்டவை

நிறுவனம் தனிக்கடைகளை விட்டுவிடவில்லை. விநியோகிப்பாளரிடம் கடன் வசதி இல்லை, சிறு பாகத்துக்கும் அலுவலக நேரத்தில்தான் போக வேண்டும். இப்போது பெரும்பாலும் வாங்குவது, கடைக்குள்ளேயே பட்டறையும் மெக்கானிக்கும் வைத்திருக்கும் வேறொரு தனிக்கடையில். விற்பவர் வேறு, விற்றுப் பழுதும் பார்ப்பவர் வேறு என்ற பிரிவே இப்போது அவர்கள் பார்க்கும் முதல் விஷயம். விலை அதன் பின்னர்தான். புதிய மாதிரி எதையும் வாங்குமுன், ஸ்டார்ட்டர் சுருள், கேஸ்கட், கார்புரேட்டர், கிளட்ச் ஆகியவை கையிருப்பில் உள்ளனவா என்று அலமாரியில் காட்டும்படி மேற்பார்வையாளர் கேட்கிறார். காட்ட முடியாத கடைக்காரர் சிலர் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்கின்றனர். பட்டறை உள்ளவர்கள் அவரை உள்ளே அழைத்துப் போகின்றனர்.

வரிசை எண்ணைப் பணம் கட்டுமுன் விநியோகிப்பாளருக்கு அனுப்பிக் கேட்பதும் வழக்கமாகிவிட்டது. வேறு வழியில் வந்த சரக்கு என்று தெரிந்தாலும் சில சமயம் வாங்குகிறார்கள், ஆனால் அந்த விலைக்குத் தக்கபடி, ஒன்றோ இரண்டோ மட்டும். ஆறையும் ஒரே நாளில் வாங்குவது நின்றுவிட்டது. முதலில் இரண்டை வாங்கி ஒரு மாதம் ஓட்டிய பிறகே மற்றவை. விற்பனைச் சீட்டில், பழுதுபார்க்கும் இடம், அதிகபட்ச நாள், அந்த நாளைத் தாண்டினால் மாற்று இயந்திரம் தருவதா இல்லையா என்ற மூன்றையும் எழுதச் சொல்கிறோம். எழுத மறுத்தால், பேசியதை அன்றே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுகிறோம். ஒப்படைக்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் சீட்டு, இல்லாவிட்டால் படம்.

கலவைப் பொறுப்பிலும் ஒரு மாற்றம். கேனில் தேதி எழுதும் பழக்கத்தோடு, ஒரு சிறு குறிப்பேட்டில் அளவும் எழுதி ஊழியரும் மேற்பார்வையாளரும் கையெழுத்திடுகின்றனர். கண்காணிப்புக்காக அன்று, இன்னொரு முறை யாரேனும் அந்த ஊழியரைக் குறை சொன்னால் அவர் கையில் ஏடு இருக்க வேண்டும் என்பதற்காக.

மூத்த கடைக்காரரிடமிருந்துதான் இப்போதும் நைலான் கயிறும் கையுறையும் முகக்கவசமும் வாங்குகிறார்கள். இயந்திரம் வாங்குவதில்லை. அதை அவரிடம் நேரிலேயே சொல்லிவிட்டதாக உரிமையாளர் கூறினார்.